இடது தோள் பொத்தான்

தலைகீழாகக் குதிக்காதவனை எங்கள் ஊரில் நீச்சல்காரன் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வடக்கனந்தல் பக்கத்துக் கிணறுகளில் நான் கற்றது அதுதான். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, தலையைக் கீழே விட்டு, காலால் உதைத்துத் தரையைத் தொட்டு, ஒரு பிடி சேற்றை அள்ளிக்கொண்டு ஒரே எம்பாக மேலே வர வேண்டும். கையில் சேறு இல்லாமல் வந்தால் அன்று முழுக்கக் கிண்டல்தான். அந்தக் கிண்டலுக்குப் பயந்தே ஆழம் பழகினேன்.

தீயணைப்பு வேலைக்கு வந்த பிறகு, முதுகில் காற்றுச் சிலிண்டரோடு மூழ்கும் பயிற்சிக்காகக் கடற்கரைக்கு அனுப்பினார்கள். நீச்சல் தெரிந்த திமிரோடு போனேன். அங்கே ஒரு ஜாக்கெட்டை மாட்டிவிட்டார்கள். அதற்குள் காற்றை ஏற்றினால் ஆள் மிதப்பான், காற்றை விட்டால் இறங்குவான். இடது தோளிலிருந்து ஒரு குழாய் தொங்கும். அதன் நுனியில் ஏற்ற ஒரு பொத்தான், விட ஒரு பொத்தான். இதில் என்ன பெரிய வித்தை என்று கிணற்றுப் பழக்கத்தில் தலையைக் கீழே விட்டு அழுத்தினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. காற்று எப்போதும் மேட்டுக்குத்தான் போகும். நான் தலைகீழாக நின்றதால் அது இடுப்புப் பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டது. கால் இரண்டும் வெளியே தெரிய, வாத்து மாதிரி மிதந்தேன்.

"ஏ கெணத்துத் தவள, நேரா நில்லுய்யா! கொழாய தலைக்கு மேல தூக்கி அழுத்து!" என்று பயிற்சியாளர் கத்தினார்.

இறங்கப் பழகவே நான்கு நாள் ஆயிற்று. ஏறுவது அதைவிட மோசம். மேலே வர வர ஜாக்கெட்டுக்குள் காற்று விரியும். விரிய விரிய ஆளை இன்னும் வேகமாகத் தூக்கும். அந்த வேகத்தில் மூச்சையும் பிடித்துக்கொண்டால் நுரையீரல் கிழிந்துவிடும். அதனால் ஏறும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட்டுக்கொண்டே வர வேண்டும். நானோ கிணற்றில் எம்புவது போல எம்பி இரண்டு முறை பந்தாக வெளியே வந்து விழுந்தேன். கடைசியில் பயிற்சியாளர், தேறிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். எழுதியவருக்கே அதில் நம்பிக்கை இல்லை.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த நாட்கள் அவை. கல்வராயன் மலை அடிவாரச் சாலையில் மரத்தை வெட்டிப் போட்டு மறியல் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு முற்பகல், அணைத் தண்ணீரில் பைக்கோடு ஆள் விழுந்துவிட்டதாகத் தகவல் வந்தது. கிளம்பினோம். எங்கள் வண்டி வெட்டிப் போட்ட புளியமரத்தோடு நின்றுவிட்டது.

மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் இறங்கி வந்தார். "இன்னா சார், யாராச்சும் வியுந்துட்டாங்களா?"

மரத்தை உடனே நகர்த்த முடியாது. அவரே சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு அணை வரைக்கும் எங்களோடு நடந்தார்.

போய்ப் பார்த்தால் ஆட்கள் பிழைத்திருந்தார்கள். மலையிலிருந்து வந்த ஓர் அப்பாவும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அவர் மகளும். சாலையில் மறியல் என்று நீரோரத் தடத்தில் வந்து சறுக்கியிருக்கிறார்கள். இருவரும் எப்படியோ கரையேறிவிட்டார்கள். பைக்கும் அதில் கட்டியிருந்த பையும் உள்ளே போய்விட்டன.

"ஆளுங்க நல்லா இருக்காங்கல்ல? நம்ம வேல முடிஞ்சிது. வண்டிய தண்ணி கம்மியானா எடுத்துக்கலாம்," என்றார் எங்கள் நிலைய அதிகாரி.

"வண்டி கெடக்குதுங்க," என்றார் அப்பா. "பையில பாப்பாவோட சாதி சர்டிபிகேட்டு கீதுங்க. ஆறு வருசம் ஆபீசுக்கு நடையா நடந்து வாங்குனதுங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள கள்ளக்குறிச்சியில காட்டலன்னா நர்சிங் சீட்டு பூடுங்க."

மகள் ஈரத் துப்பட்டாவைப் பிழிந்துகொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "லேமினேசன் போட்டுக்கீது சார். போடக் கூடாதுன்னு ஆபீசுல திட்னாங்க," என்றாள்.

அதுவரை நான் தண்ணீரிலிருந்து எடுத்ததெல்லாம் உயிர் போன உடம்புகள். எவ்வளவு அவசரமாக இறங்கினாலும் யாருக்கும் எதுவும் திரும்பக் கிடைத்ததில்லை. இது கிடைக்கும். எனக்குள் ஒரு வெறி வந்தது. இறங்குகிறேன் என்றேன்.

என்னோடு ஜோடியாக இறங்க வேண்டிய சக வீரர் வேறொரு மறியலில் மாட்டிக்கொண்டிருந்தார். அதிகாரி முறைத்தார். பிறகு என் இடுப்பில் கயிற்றைக் கட்டினார். "இருவத்தஞ்சு அடி இருக்கும். பத்து நிமிசம்தான். உனுக்கு எதுனா ஆச்சுன்னா என் வேல பூடும்," என்றார். அவர் பாசத்தைக் காட்டும் லட்சணம் அது.

தண்ணீரில் இறங்கியதும் என்ன செய்தேன் தெரியுமா? தலையைக் கீழே விட்டேன். அவ்வளவு பயிற்சிக்குப் பிறகும்! கால்தான் மேலே வந்தது.

"இன்னா சார், மெதந்துக்கினே கீறீங்க?" என்றார் கரையிலிருந்து, சிலிண்டர் சுமந்தவர்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. நிமிர்ந்து நேராக நின்றேன். குழாயைத் தலைக்கு மேல் தூக்கிப் பொத்தானை அழுத்தினேன். புஸ்ஸென்று காற்று போனது. மூச்சையும் விட்டேன். தண்ணீர் தலைக்கு மேல் மூடியது.

பத்தடிக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. கைதான் கண். சேறு, முள், மறுபடி சேறு. காற்று தீர்வதற்குள் பார்த்துவிடுவது என்று கையால் துழாவிக்கொண்டே நகர்ந்தேன். ஒரு டயர் தட்டுப்பட்டது. பிறகு சீட், கேரியர், பை. கட்டியிருந்த கயிற்றைக் கத்தியால் அறுத்தேன். பை கல்லாய்க் கனத்தது. சொந்தக்காரர் வீட்டுக்கென்று சாமை அரிசி கொண்டுவந்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நானோ முழங்கால் வரை சேற்றில். ஜாக்கெட்டில் காற்றை ஏற்றினேன். அசையவில்லை. இன்னும் ஏற்றினேன். சேறு சட்டென்று என்னை விட்டது.

ஆபத்து அங்கேதான் ஆரம்பித்தது. வேகம் கூடிக்கொண்டே போனது. தலைக்கு மேல் வெளிச்சம் கிட்டே வந்தது. உதை, எம்பு, போய்விடு என்றது பழைய கிணற்றுப் பழக்கம். பையை விட்டால் பாரம் குறைந்து இன்னும் வேகமாகப் பறப்பேன். அந்தப் பெண்ணின் சீட்டும் போகும். விட மாட்டேன் என்று பையை நெஞ்சோடு அணைத்தேன். காலை அசைக்காமல் நிறுத்தினேன். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இடது கையை மேலே நீட்டி அழுத்தினேன். கொஞ்சம். இன்னும் கொஞ்சம். வேகம் தணிந்தது. குமிழிகளை முன்னால் போகவிட்டு, அவற்றுக்குப் பின்னால் மெதுவாக ஏறினேன். என் வாழ்க்கையில் வேறு எதற்கும் நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

கரையில் அப்பா பையைப் பிரித்தார். லேமினேசனின் ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் புகுந்திருந்தது. போட்டோ, கையெழுத்து, முத்திரை எல்லாம் அப்படியே இருந்தன. மகள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "மணி இன்னா சார்?" என்றாள்.

இரண்டாகப் போகிறது. பஸ் கிடையாது. எல்லோரும் புளியமரம் வரை நடந்தோம். மரத்தின் மேல் இருந்தவர்களில் ஒருவர், "அது இன்னாம்மா?" என்று கேட்டார். அவள் காட்டினாள். கை மாற்றி மாற்றி எல்லோரும் பார்த்தார்கள். தங்கள் பிள்ளைகளின் சீட்டுக்காகத்தான் அவர்களும் மூன்று நாளாக அந்த மரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

சிலிண்டர் சுமந்தவர் மரத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருந்த தன் பைக்கை எடுத்தார். ஹேண்டில்பாரில் போராட்டக் கொடி கட்டியிருந்தது. அதை அவிழ்க்கப் போன அப்பாவைத் தடுத்தார். "இருக்கட்டுங்க. கொடி இருந்தாதான் வழியில கீற மரத்துலல்லாம் அவங்களே வண்டிய தூக்கி வுடுவாங்க."

மூவரும் போனார்கள். எங்கள் வண்டி திரும்பிப் போகலாம் என்றார் அதிகாரி. நான் போகவில்லை. ஈரத் துணியோடு அந்த மரத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆறு மணிக்குச் சிலிண்டர் சுமந்தவர் மட்டும் திரும்பி வந்தார். "சீட்டு குட்த்துட்டாங்க சார்," என்று சொல்லிவிட்டு, மரத்தில் ஏறி என் பக்கத்தில், மறியலில் தன் பழைய இடத்தில், உட்கார்ந்துகொண்டார்.