டவர் பாறை

சனிக்கிழமை வந்தாலே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடும். மேட்டுப்பாளையம் ரோட்டில் கார்கள் வரிசை கட்டி ஏறும். குன்னூரில் டிக்கெட் வாங்கிப் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டு, ஓசியில் பார்க்க இன்னும் என்ன இருக்கிறது என்று போனைத் தடவிக்கொண்டே எங்கள் எஸ்டேட் ரோட்டில் திரும்புவார்கள். செலவில்லாமல் சுற்றிப்பார்க்க என்று எவனோ ஒரு புண்ணியவான் வீடியோ போட்டிருந்தான். அதில் எங்கள் பாறையையும் சேர்த்துவிட்டான்.

அது ஒன்றும் அதிசயப் பாறை இல்லை. நாங்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் சும்மா கிடக்கிறது. எங்கள் பக்கம் வேறெங்கும் போனில் டவர் எடுக்காது, அங்கே ஏறி நின்றால் எடுக்கும். அதனால் டவர் பாறை. வீடியோக்காரன் அதற்கு ஹெவன் பாயிண்ட் என்று பெயர் வைத்தான். ஹெவனாம்! இப்போது மூத்திர நாற்றத்தில் பக்கத்தில் போக முடியவில்லை. பிரியாணிப் பொட்டலம், பீர் பாட்டில், குழந்தைக்குக் கட்டிக் கழற்றிய கருமாந்திரம் எல்லாம் செடிக்கடியில் கிடக்கும். திங்கட்கிழமை கொழுந்து பறிக்கப் போகிறவள் கையில்தான் அது முதலில் படும். வெட்கங்கெட்ட ஜனங்கள். கொடியில் காயும் எங்கள் உள்பாவாடையைக்கூட விடாமல் போட்டோ எடுத்தார்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மகள் விஷயம்தான் தாங்க முடியவில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டுத் திருப்பூர்ப் பக்கம் ஒரு மில்லுக்கு வேலைக்குப் போயிருந்தாள். ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனைக் கையில் கொடுப்பார்கள், அதுவும் கொஞ்ச நேரம். "ஒத்துக்கலைன்னா சொல்லு கண்ணு, அம்மா வந்து கூட்டிட்டு வந்தர்றேன்" என்று சொல்லித்தான் பஸ் ஏற்றினேன். போனதிலிருந்து அவள் குரல் சரியில்லை. சாப்பிட்டாயா என்றால் ம், தூங்கினாயா என்றால் ம். இன்றைக்காவது வாய் திறப்பாளா என்று ஒவ்வொரு ஞாயிறும் பாறை ஏறினேன்.

அந்த ஞாயிறு ஒரு பெரிய கும்பல் பாறையை அடைத்துக்கொண்டு நின்றது. நடுவில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, எம்புள்ள போன் பண்ற நேரமுங்க. பாட்டைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்றேன்.

கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருத்தன், "ஆன்ட்டி, இது ஃப்ரீ பிளேஸ்தானே? நாங்க என்ஜாய் பண்ணத்தானே வந்திருக்கோம்" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்த ஸ்பீக்கரை எட்டி உதைத்துப் பள்ளத்தில் உருட்டிவிட வேண்டும் என்று கால் துடித்தது.

போன் வந்தது. ஒரு காதில் விரலை வைத்து அடைத்துக்கொண்டேன். அவள் என்றைக்கும் இல்லாமல் விடாமல் பேசினாள். நைட் ஷிஃப்ட் என்பதும் அம்மா அம்மா என்பதும்தான் காதில் விழுந்தன. பக்கத்தில் ஒருத்தி எதிரொலி கேட்பதற்காகப் பள்ளத்தைப் பார்த்து ஓவென்று கத்தினாள். அந்தக் கத்தல் ஓய்ந்தபோது, "வரட்டுமாம்மா?" என்று மகள் கேட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது. போனை வைக்கும்போது நாங்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வோம். "பத்திரமா இரு கண்ணு" என்றேன். கட் ஆகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டேன், அதற்குள் போனை வாங்கி வைத்துவிட்டார்கள் போல.

அடுத்த ஞாயிறு நல்ல மழை. ஒரு காரும் ஏறவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றேன். அவள் குரல் பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல் கேட்டது.

"போன வாரம் அந்தப் பாட்டுச் சத்தத்துல ஒண்ணுமே கேக்கல கண்ணு. என்ன சொன்னே?"

"ஊட்டுக்கு வரட்டுமான்னு கேட்டேன். நீதான் பத்திரமா இருன்னுட்டியே."

"அய்யோ சாமி, நீ போனை வெக்கறேன்னு நெனச்சுட்டேன்! வந்துரு கண்ணு. இன்னிக்கே கெளம்பு. இல்ல, நானே வர்றேன், இப்பவே பஸ் ஏறறேன்" என்று கத்தினேன்.

"வேண்டாம்மா" என்றாள். அழக்கூட இல்லை. "பழகிருச்சு."