கேட்காமலே சொன்ன ‘சரி’

என் இரண்டாவது பெண்ணுக்கு ஆறு மாதம் நடந்தபோது, ஒரு மத்தியானம் அவள் தொட்டிலில் அழுதது எனக்குக் கேட்கவில்லை. நான் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வயலிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். அவள் முகம் சிவந்து, குரல் கம்மிப் போயிருந்தது.

“ஏம்புள்ள, இத்தன நேரமாக் கத்திட்டுக் கெடக்குது, காதுல உழுகலியா?”

“கண்ணசந்துட்டேனுங்க,” என்றேன். மடித்த துணிகள் என் மடியில் இருந்தன. அவர் அதைப் பார்த்தார்.

அன்று தொடங்கிய பொய்யைப் பதினொரு வருடம் காப்பாற்றினேன். இதை எழுதுவது காது மங்கத் தொடங்கியும் யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்களுக்காக. எனக்காகவும்தான்.

நான், தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் எல்லையோர ஊரான நல்லேப்பிள்ளியில் ஒரு வார்டின் ஆஷா (வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் வயதானவர்களையும் விசாரிக்கும் பணியாளர்). பெயர் தனலட்சுமி. கேட்டுக்கொள்வதுதான் என் வேலை. யாருக்குக் காய்ச்சல், யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, யார் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள் என்று கேட்டு எழுத வேண்டும்.

கேட்காததை மறைக்க எனக்குப் பல வழிகள் இருந்தன. எந்த வீட்டிலும் பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி உட்காருவேன். உதட்டைப் பார்ப்பேன். போன் வந்தால், “ரேஞ்ச் இல்லீங்க, வாட்ஸப்புல போட்டுருங்க,” என்பேன். கூட்டத்தில் மற்றவர்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன்.

இன்னொன்றும் என்னை ஏமாற்றியது. பஸ்ஸிலும், நெல் அறுக்கிற மெஷின் பக்கத்திலும் மற்றவர்கள் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அமைதியான வீட்டில்தான் கேட்கவில்லை. செவிடாக இருந்தால் இரைச்சலில் இன்னும் மோசமாக அல்லவா இருக்க வேண்டும் என்று நினைத்துத் தேற்றிக்கொண்டேன். அது என் நோயின் அடையாளம் என்று பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கும் அப்படி இருந்தால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் ஊருக்கு அருகே சித்தூர் பக்கம் ஒரு செவிப் பராமரிப்பு கிளினிக் இருக்கிறது. ஷைனி மேடம் அங்கே ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதித்து, கருவி பொருத்திப் பழக்குபவர்). பட்டியல் வைத்துக்கொண்டு எல்லோரையும் போனில் கூப்பிடுவது சௌமியா, இருபத்து நான்கு வயதுப் பெண். மாதம் ஒரு சனிக்கிழமை சோதனை வண்டியுடன் எங்கள் பஞ்சாயத்து மண்டபத்துக்கு வருவார்கள். ஆட்களைக் கூட்டி வருவது ஆஷாக்களின் பொறுப்பு. அதிகம் பேரைக் கூட்டி வந்தவள் நான்தான்.

மெஷின் வைக்கக் கூச்சப்படுகிறவர்களிடம், “கண்ணுக்குக் கண்ணாடி போடறதில்லீங்களா? காது கேக்குலீன்னு சொல்றதுல என்னங்க வெக்கம்?” என்று கேட்பேன். ஷைனி மேடத்துக்கு அது பிடித்துப்போய் என்னை மைக்கிலேயே சொல்லவைத்தார். சொல்லிவிட்டு இறங்கி வருவேன். அந்த வண்டிக்குள் ஒரு நாளும் ஏறியதில்லை.

என் வார்டில் கவிதாவுக்கு முதல் குழந்தை பிறந்தது. பெண். அனு என்று கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியை விட்டு வருகிற அன்று கிளினிக்காரர்கள் குழந்தைக்கு முதல் செவிச் சோதனை (தூங்கும்போது காதில் சின்னக் குழாய் வைத்து உள்காது பதில் தருகிறதா என்று பார்ப்பது) செய்தார்கள். முடிவைப் பிறகு சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்கள். படிவத்தில் இருந்தது கவிதாவின் வீட்டுக்காரர் நம்பர். அவர் லாரி ஓட்டுகிறவர். அந்த வாரம் எங்கோ வடக்கே இருந்தார், லைன் கிடைக்கவில்லை. அதனால் சௌமியா என்னைக் கூப்பிட்டாள்.

நான் வயல் வரப்பில் நின்றிருந்தேன். சுற்றிலும் ஒரு சத்தமும் இல்லை. சௌமியா வேகமாக மலையாளத்தில் பேசினாள். “கவிதயுடெ குட்டி” (கவிதாவின் குழந்தை) கேட்டது. “டெஸ்ட்” கேட்டது. “குழப்பம்” என்பதும் கேட்டது. மலையாளத்தில் அதற்குக் கோளாறு என்று பொருள். குழப்பம் உண்டு என்றாளா, இல்லை என்றாளா? வாக்கியத்தின் அந்த வாலை நான் பிடிக்கவில்லை.

இன்னொரு தடவை சொல்லச் சொல்லியிருக்கலாம். அந்த வாரத்தில் ஏற்கெனவே இரண்டு தடவை அப்படிக் கேட்டிருந்தேன். இரண்டாவது தடவை அவள், “சேச்சிக்கே ஒரு டெஸ்ட் எடுக்கணும்போல,” என்று விளையாட்டாகச் சிரித்திருந்தாள். அந்தச் சிரிப்பு என் மனசில் கிடந்தது.

“சரி சௌமியா, நான் சொல்லிக்கிறேன்,” என்றேன்.

நேராகக் கவிதா வீட்டுக்குப் போய், “கொழப்பமில்லையாமா, நல்லா இருக்குதாமா,” என்று சொன்னேன். கவிதா கண்ணை மூடி மூச்சு விட்டாள். அதைப் பார்த்ததும் நான் சொன்னதை நானே நம்பிவிட்டேன்.

கோயில் திருவிழாவுக்கு வெடி போட்டபோது, அம்மா தோளில் அனு அசையாமல் தூங்கினாள். “எதுக்கும் பயப்பட மாட்டீங்கறா,” என்று கவிதா பெருமையாகச் சொன்னாள். பல மாதம் கழித்து ஒரு தடுப்பூசி நாளில், அங்கன்வாடி வாசலில் என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஏனுங்க்கா, பேரச் சொல்லிக் கூப்புட்டாத் திரும்ப மாட்டீங்கறா. முன்னால போய் நின்னாத்தான் சிரிக்கறா.”

“சில கொழந்தைங்க அப்படித்தான் கவிதா. டெஸ்ட்டுல நல்லா இருக்குதுன்னு சொன்னாங்கல்ல?”

முன்னால் வந்து நின்றால்தான் தெரிவது எப்படி என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் நோட்டைத் திறந்து அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

மறு வாரம் கவிதா தானாகவே பஸ் ஏறி கிளினிக்குக்குப் போனாள். அவர்கள் பெரா சோதனை (தூங்கும் குழந்தையின் தலையில் ஒயர்களை ஒட்டி, ஒலி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்ப்பது) எடுத்தார்கள். இரண்டு காதிலும் கேட்பதே இல்லை என்கிற அளவு குறைவு. என்னை வரச்சொன்னார்கள்.

நான் போனபோது கவிதா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சௌமியா கையில் அவளுடைய நோட்டு இருந்தது. ஒரு மாதத்துக்குள் மறுபடியும் கூட்டி வரும்படி ஆஷாவிடம் போனில் சொன்னதாக அதில் எழுதியிருந்தது. ஷைனி மேடம் என்னைப் பார்த்தார்.

“குழப்பமில்லைன்னுதான் சௌமியா சொன்னது,” என்றேன்.

நான் செய்ததில் இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. காது கேட்காதது என் கையில் இல்லை. இது என் வாயால் சொன்னது.

“ஞான் அங்ஙனெ பறஞ்ஞிட்டில்ல சேச்சி,” என்றாள் சௌமியா. தான் அப்படிச் சொல்லவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். கவிதா அவளைப் பார்த்துக் கத்தினாள். அறைக்குள் பெரிய இரைச்சல். அதனால் ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளிலிருந்து சௌமியா வேலைக்கு வரவில்லை என்று இன்னொரு ஆஷா சொன்னாள். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

“எனக்குக் காது கேக்கறதில்லீங்க,” என்றேன்.

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் முழுசாகத் திரும்பினார். “தெரியும் புள்ள. ஊட்டுல எல்லாத்துக்கும் தெரியும். நீ வெசனப்படுவீன்னுதான் ஆரும் சொல்லுல.”

அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். அவர் என்னிடம் பேசும்போதெல்லாம் இப்படித்தான் திரும்பி நின்று பேசியிருக்கிறார். என் பெண்கள் என் தோளைத் தொட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள். நான் மறைத்ததாக நினைத்த பதினொரு வருடத்தில் மூன்று பேர் என்னைச் சுமந்திருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் கிளினிக்குக்குப் போனேன். சௌமியாவையும் போன் போட்டு வரவழைத்தார்கள். இருவர் முன்னாலும் சொன்னேன். “சௌமியா சரியாத்தான் சொல்லியிருப்பா. எனக்குத்தான் கேக்குல. அன்னைக்கு இங்க சொன்னது பொய்.”

சௌமியா எழுந்து வெளியே போய்விட்டாள். ஷைனி மேடம் திட்டவில்லை. “வாங்க சேச்சி,” என்று சத்தம் புகாத கண்ணாடி அறைக்குக் கூட்டிப் போனார்.

காதில் ஒலி கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். அங்கேயும் நான் திருடினேன். கண்ணாடியில் மேடத்தின் கை தெரிந்தது. அது அசையும்போதெல்லாம் அமுக்கினேன். கொஞ்ச நேரத்தில் அவர் உள்ளே வந்து என் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தார்.

“இது பரீட்சையல்ல சேச்சி. நீங்க தோத்தாத்தான் எனக்கு உபகாரம்.”

சுவரைப் பார்த்து உட்கார்ந்து தோற்றேன்.

வந்திருப்பது ஓட்டோஸ்கிளிரோசிஸ் (நடுக்காதின் மிகச் சிறிய எலும்பு அசைய முடியாமல் இறுகிப்போவது) என்றார்கள். பிள்ளைப்பேற்றின்போது சிலருக்கு அது வேகமாக முற்றுமாம். வலது காதுக்கு அறுவை சிகிச்சை, இடது காதுக்குக் கருவி என்று முடிவானது.

அறுவை சிகிச்சைக்குத் திருச்சூர் போவதற்கு முன்னால் கவிதாவைப் பார்க்கப் போனேன். அனுவின் காதுகளில் புதிதாக வைத்த கருவிகள் இருந்தன. அவள் ஒன்றைப் பிடுங்குவதும் கவிதா திரும்ப வைப்பதுமாக இருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப நீங்க கேக்கவே இல்ல,” என்றாள்.

“இல்ல.”

“கேக்குலீன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா?”

அனு மறுபடி பிடுங்கிய கருவியைக் கவிதா எடுத்து வைத்தாள்.

“எட்டு மாசங்க்கா. எட்டு மாசமா நான் அவளுக்குப் பாட்டுப் பாடித்தான் தூங்க வெச்சுட்டு இருந்தேன்.” அவள் குரல் உயரவில்லை. “நீங்க இனி இந்த ஊட்டுக்கு வர வேண்டாம்.”

பக்கத்து வார்டு ஆஷா அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டாள். நான் அந்தத் தெருவைச் சுற்றிப் போவேன்.

அறுவை சிகிச்சை மரத்துப்போக ஊசி போட்டுத்தான். டாக்டர் வேலை செய்கிற உரசல் தலைக்குள்ளேயே கேட்டது. இறுகிய எலும்புக்குப் பதிலாகக் அரிசி மணியைவிடச் சின்னதாக ஒரு செயற்கை எலும்பை வைத்தார். ஒரு வாரம் தலை சுற்றியது. குனியக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது என்றார்கள். நாக்கில் பாதிக்குச் செம்புக் காசை நக்கிய மாதிரி ஒரு ருசி இரண்டு மாதம் இருந்தது. காது வழியாகப் போகிற ருசி நரம்பு இழுபட்டால் அப்படி ஆகுமாம். பயப்பட வேண்டாம், அது போய்விடும்.

காதில் வைத்த பஞ்சை எடுத்த அன்று டாக்டர் காகிதத்தைப் புரட்டியது அடி மாதிரி விழுந்தது. வீட்டில் பாத்திரச் சத்தம் பொறுக்க முடியவில்லை. என் பெண்கள் என்னிடம் எவ்வளவு சத்தமாகக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று அன்றுதான் கேட்டேன். “மெதுவாப் பேசுங்க,” என்றால் அவர்களுக்கு முடியவில்லை. பழகிவிட்டது.

கிளினிக்கில் சில விஷயங்களை மாற்றினார்கள். இப்போது குழந்தையின் சோதனை முடிவு அம்மா கையிலேயே எழுத்தில் போகிறது. ஆஷாக்களுக்கும் காது பார்க்கிறார்கள். என்னைத் தவிர இன்னும் இரண்டு பேருக்குக் குறை இருந்தது. போனில் எதைச் சொன்னாலும், “நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க,” என்கிறாள், வேலைக்குத் திரும்பி வந்துவிட்ட சௌமியா. என்னிடமும் அப்படித்தான். நான் திருப்பிச் சொல்வேன். “சரி,” என்று வைத்துவிடுவாள். முன்பு போல விளையாட்டாகப் பேசுவதில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஷைனி மேடம் என்னை மறுபடி முகாமில் பேசச்சொன்னார். பலமுறை மறுத்தேன். கடைசியில் ஒரு சனிக்கிழமை மைக்கைப் பிடித்தேன். “வெக்கமே இல்லைன்னு இதே எடத்துல நின்னு சொல்லியிருக்கேனுங்க. எனக்கு இருந்துச்சு. அந்த வெக்கத்துல ஒரு கொழந்தையோட எட்டு மாசம் போச்சு.” பின்வரிசையில் கவிதா அனுவோடு நின்றிருந்தது, இறங்கி வரும்போதுதான் தெரிந்தது. அவள் அனுவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அனுவுக்குக் கருவி போதவில்லை. ஒன்றேகால் வயதில் காக்ளியர் இம்பிளான்ட் (உள்காது நரம்புக்கு நேராக ஒலியைக் கொடுக்கும் சாதனத்தை அறுவை செய்து வைப்பது) செய்தார்கள். அப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் கிளினிக்கில் இரண்டு வயது எழுதுகிறார்கள். ஒன்று பிறந்த வயது. இன்னொன்று, சாதனத்தை முதன்முதலில் இயக்கிய நாளிலிருந்து எண்ணுகிற கேட்கும் வயது. பேச்சு இரண்டாவது வயதுக்கு ஏற்றபடிதான் வருமாம்.

அந்தக் கணக்கு என்னைப் பிடித்துக்கொண்டது. காலையில் இடது காதுக் கருவியை மாட்டும் முன், உலகம் என் வலது பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். மாட்டியதும் நிமிரும். அந்த நொடியில் தினமும் அனுவின் இரண்டு வயதுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஞாபகம் வரும். அவள் எவ்வளவு வளர்ந்தாலும் அது குறையாது. அதில் ஒரு பங்கு நான் வைத்தது.

அவளுக்கு இரண்டு வயது முடியப்போகிற சமயத்தில் ஒரு கவுன் வாங்கினேன். கொடுக்கத் தைரியம் இல்லாமல் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் கிளினிக் வாசலில் கவிதா எதிரே வந்தாள். பையிலிருந்து எடுத்து, “பொறந்த நாளு வருதில்ல,” என்று நீட்டினேன்.

கவிதா அதை வாங்கவில்லை. என்னைத் தாண்டி நான்கு எட்டு நடந்தாள். பிறகு நின்று, நான் உதட்டைப் பார்க்க முடியாதபடி முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள். மெல்லிய குரல்தான். ஒரு சொல் விடாமல் கேட்டது.

“பொறந்த நாளுக்கு வேண்டாங்க்கா. அவளுக்கு மிசின ஆன் பண்ணுன நாளு சித்திரைல வருது. அன்னைக்கு வாங்க.”