மகளின் பாதம் கழுவிய நாள்

சென்ற ஆண்டு வைகாசி மாதம், பிராங்பேர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை மண்டபத்தில் நடந்தது இது. என் ஒரே மகளின் கலியாணம்.

நான் எதற்கும் பயப்படுகிற ஆள். வீட்டைப் பூட்டிவிட்டு ரயில் நிலையம் வரை போவேன். பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பி வருவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனதால் நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கவும் கூச்சம். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் என் பாட்டில் வேலை செய்துகொண்டிருந்தவனுக்கு, நேபாளத்துச் சம்பந்தம் வந்து சேர்ந்தது.

மகள் டார்ம்ஸ்டாட்டில் படிக்கும்போது அறிமுகமான பையன். அமைதியான பிள்ளை, மரியாதை தெரிந்தவன். அவனுடைய பெற்றோரும் நெடுங்காலமாக ஜெர்மனியில்தான் இருக்கிறார்கள். தகப்பன் ஒரு உணவகத்தில் சமையற்காரர். அவருடைய ஜெர்மனும் என்னுடைய ஜெர்மனும் ஒரே தரம். அதனால் இரண்டு பேருக்கும் பேச்சு நன்றாகவே விளங்கியது.

முதன்முதல் அவர்கள் வீட்டுக்குப் போனது அவர்களின் தசைன் பண்டிகையன்று. நம்முடைய நவராத்திரிக் காலத்தில்தான் அதுவும் வருகிறது. வண்ணத் தொப்பி அணிந்த சம்பந்தி, தயிரில் குழைத்த சிவப்பு அரிசியை எங்கள் எல்லோர் நெற்றியிலும் அப்பினார். இருட்டில் முளைக்கவைத்த மஞ்சள் நிறப் பார்லிப் பயிரைக் காதில் செருகிவிட்டார். கடைசியாகத் தன் மகளிடம், அதாவது மாப்பிள்ளையின் தங்கையிடம், போனார். அவளுக்கும் பொட்டு வைத்துவிட்டு, திடீரென்று அவள் காலடியில் குனிந்தார். மூக்குக்கண்ணாடியோ காசோ விழுந்துவிட்டது என்று நினைத்து நானும் மண்டியிட்டு, சோபாவுக்கு அடியில் கைவிட்டுத் தேடத் தொடங்கினேன்.

"இஞ்சாருங்கோ, எழும்புங்கோ. மானத்தை வாங்காதேங்கோ" என்று என் மனைவி பல்லைக் கடித்தாள். வீடே சிரித்தது.

அவர் ஒன்றையும் தேடவில்லை. மகளின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அவர்கள் வழக்கத்தில் மகள் தகப்பனின் காலில் விழுவதில்லையாம். தகப்பன்தான் மகளின் காலைத் தொட வேண்டுமாம். பெண் பிள்ளை வீட்டுத் தெய்வம் என்று எனக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். திரும்பி வரும்போது ரயிலில் மனைவி சொன்னாள்: "எங்கடை அப்பா என்ரை காலை மிதிக்காமல் விட்டதே பெரிய காரியம்."

கலியாணப் பேச்சு எழுந்தபோது, முதல் நாள் கோயிலில் எங்கள் முறையில் தாலி கட்டுவது, அடுத்த நாள் அவர்கள் முறையில் சடங்கு செய்வது என்று முடிவாயிற்று. மாப்பிள்ளை தயங்கித் தயங்கி ஒரு விஷயம் கேட்டான். அவர்களின் சடங்கில் பெண்ணைப் பெற்றவர்கள் மணமக்கள் இருவரின் கால்களையும் கழுவ வேண்டும். அதற்குப் பிறகு பெண்ணின் உறவில் பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து கழுவுவார்கள். அது முடியும்வரை எனக்கும் மனைவிக்கும் சாப்பாடு இல்லை.

மாப்பிள்ளையின் கால் கழுவுவது நமக்குப் புதிதல்ல. எங்கள் கலியாணங்களில் பெண்ணின் சகோதரன் வாசலிலேயே கழுவி மோதிரம் வாங்கிக்கொள்வான். ஆனால் பெற்ற தகப்பன் மகளின் காலைக் கழுவுவதா?

இதை என் அண்ணையிடம் சொல்லவே எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் குடும்பத்தில் அவர்தான் முதலில் ஜெர்மனிக்கு, ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர். பிறகு என்னைக் கூப்பிட்டு, தன் மெத்தையில் பாதியைத் தந்து, வேலை எடுத்துத் தந்து, கலியாணமும் கட்டிவைத்தவர். அவர் முகம் கோணும்படி நான் இதுவரை ஒன்றும் செய்ததில்லை.

"உனக்கென்ன விசரே?" என்று போனில் கத்தினார். "பெத்த தேப்பன் மோளின்ரை காலிலை விழுறதோ?"

"விழுறேல்லை அண்ணை. கழுவுறது."

"கழுவிப்போட்டு அந்தத் தண்ணியைக் குடியெண்டும் சொல்லுவினம். குடிப்பியோ?"

உண்மையிலேயே அப்படி ஒரு வழக்கம் இருந்தது. அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை வாயில் வைப்பார்களாம். விருப்பமில்லாவிட்டால் தலையில் தெளித்தாலே போதும் என்று சம்பந்தி சொல்லியிருந்தார்.

"செய்யிறதெண்டால் செய். நான் சபையை விட்டு எழும்பிப் போவன். பிறகு அண்ணை எண்டு என்ரை வாசலுக்கு வராதை" என்று போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணை எழும்பிப் போனால் அவருக்குப் பின்னால் பாதிச் சனம் போகும். மகளுக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. "பெரியப்பாவுக்குப் பிடிக்கேல்லை எண்டால் விடுங்கோ அப்பா. நான் அவையிட்டைச் சொல்லிப்போடுறன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, கழுவி வைத்திருந்த கோப்பையை மறுபடியும் எடுத்துக் கழுவினாள். அதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. பிறந்த நாள் முதல் இந்தப் பிள்ளை என்னிடம் எதையும் அடம்பிடித்துக் கேட்டதில்லை.

"நான் கழுவுறன் பிள்ளை" என்றேன். என் வாழ்க்கையில் அண்ணையைக் கேட்காமல் எடுத்த முதல் முடிவு அதுதான்.

சனிக்கிழமை கோயில் சடங்குக்கு அண்ணை வந்தார், முன்வரிசையில் இருந்தார், எல்லாம் நன்றாக முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கும் வந்தார். ஆனால் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். பிட்டும் சாம்பாரும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வேண்டாம் என்றார். தேத்தண்ணி கொடுத்தார்கள். தொடவில்லை. கலியாண வீட்டில் ஒருவர் வாயில் ஒன்றும் வைக்காமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று நம் ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. உறவே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். போதாததற்கு அவர் சீனி வருத்தக்காரர். சாப்பிடாமல் மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்று அது வேறு கவலை.

சிவப்புச் சேலையில் மகள் வந்து மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தாள். இருவர் கழுத்திலும் அறுகம்புல் மாலை. மாப்பிள்ளையின் தாய் தன் கையால் கட்டியது. பிள்ளையாருக்குச் சாத்துகிற அறுகம்புல்லைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் துணிவு வந்தது. நாலு கால்களையும் ஒரு பெரிய செப்புத் தாம்பாளத்தில் வைத்தார்கள். அவர்களின் புரோகிதர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

குனிந்தேன். மனைவி தண்ணீர் ஊற்றினாள். முதலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவினேன். பிறகு மகளின் காலைக் கையில் எடுத்தேன். நடக்கத் தொடங்கிய பிறகு அந்தக் காலை நான் ஒருநாளாவது பார்த்திருக்கிறேனா என்று நினைத்துப் பார்த்தேன். காய்ச்சல் வருமோ, பனியில் வழுக்குமோ, பரீட்சையில் தவறுமோ, இரவு ரயிலில் தனியே வருகிறாளே என்று இத்தனை வருடமும் பயந்ததுதான் மிச்சம். புதுச் செருப்பின் வார் அழுத்திய இடமெல்லாம் சிவந்திருந்தது. என் பயமெல்லாம் ஒருபக்கம் கிடக்க, பிள்ளை இந்தக் கால்களால்தான் தன் பாதையைத் தானே நடந்து முடித்திருக்கிறாள். தண்ணீரை எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டேன். கண் மறைத்தது. தெளித்த தண்ணீரோ அழுகையோ தெரியவில்லை. நெஞ்சு மட்டும் பெருமையில் விரிந்துகொண்டே போனது.

மனைவியும் கழுவி முடித்தாள். புரோகிதர் பெண் வீட்டுப் பெரியவர்களை வரச் சொல்லிக் கைகாட்டினார். எங்கள் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அப்போது கடைசி வரிசையில் ஒரு கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. அண்ணை எழுந்துவிட்டார். முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்து பார்த்தால் அவர் கதவுப் பக்கம் போகவில்லை. கோட்டைக் கழற்றி அண்ணியின் கையில் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை மடித்தபடி நடுவழியால் வந்துகொண்டிருந்தார்.

"பிடியடா, முழங்கால் மடியாது" என்று என் தோளைப் பிடித்துக் குனிந்தார்.

"அண்ணை, நீங்கள்..."

"நீ தனியக் குனிஞ்சு நிக்க, நான் கதிரையிலை இருந்து பாக்கிறதோ?"

பின்னாலே வந்த அண்ணி பொரிந்து தள்ளினார்: "காலமையிலை இருந்து பச்சைத் தண்ணியும் குடிக்கேல்லை இந்த மனுசன்! கழுவுற ஆக்கள் எல்லாரும் விரதமோ எண்டு பிள்ளையிட்டைக் கேட்டு வைச்சிருக்கிறார். என்னட்டைக்கூட இப்ப கோட்டைத் தரேக்கைதான் சொன்னவர்."

நான் மகளைப் பார்த்தேன். "சொல்லவேண்டாம் எண்டு பெரியப்பா சத்தியம் வாங்கினவர்" என்று அவள் அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்.

அண்ணை நிதானமாக, ஏதோ சிறுபிள்ளையின் காலைக் கழுவுவதுபோல, விரல்விரலாகக் கழுவினார். பிறகு ஈரவிரலால் ஒரு சொட்டைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"குடிச்சாச்சு. இனிக் கெதியாச் சாப்பாட்டைப் போடுங்கோ, சீனி இறங்குது."

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. சம்பந்தி ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துச் சனம் வரிசையில் நின்ற நிற்பைப் பார்த்து, குடத்தை மறுபடி நிரப்ப ஆள் அனுப்பினார் புரோகிதர். நேபாள ஆட்களுக்கு அதிலே எவ்வளவு மகிழ்ச்சி! தங்கள் வழக்கத்தை வேறு நாட்டுக்காரர் இப்படி ஏற்றுக்கொண்டதைப் பார்த்ததில்லை என்று பலபேர் என் கையைப் பிடித்துச் சொன்னார்கள். இது எங்கள் வழக்கமாக இல்லையே என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது.

என் பயம் இன்னும் போகவில்லை. மகள் வீடு போய்ச் சேர்ந்தாளா என்று இன்றும் மூன்று தரம் போன் எடுக்கிறேன். ஆனால் எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால், ஒரு ஆண்பிள்ளை இல்லையே என்பதுபோல முன்பு தாழ்ந்துபோன என் குரல் இப்போது தாழ்வதில்லை. எனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று நிமிர்ந்து சொல்ல, நேபாள மலைகளிலிருந்து வந்த அந்தச் சனங்கள்தான் எனக்குப் பழக்கிவிட்டார்கள்.