பின்னுக்கு உழக்கிற கால்

டென்மார்க் சப்பட்டை நாடு, சைக்கிள் ஓடச் சோக்கான இடம் எண்டுதான் வந்த புதுசிலை எங்களுக்குச் சொன்னவை. சொன்னவை வைலே எண்ட ஊர்ப் பக்கம் வந்து பாக்கேல்லைப் போலை. எங்களைக் கொண்டுவந்து குடியேத்தின அந்த ஊர் ஒரு பெரிய கோப்பை மாதிரி. அடியிலை கடலும் கடைத்தெருவும், விளிம்பிலை எங்கடை மாடிவீடு. எனக்கு வேலை கிடைச்சது கோப்பையின்ரை அடியிலை.

ஒரு வயோதிபர் இல்லத்துக் குசினியிலை. அதை முழு வேலை எண்டும் சொல்லேலாது, பிறக்ரிக் எண்டு சொல்லுவினம். கொஞ்சக் காலம் வந்து பழகு, சரிவந்தால் எடுக்கிறம் எண்டதுதான் அதின்ரை கருத்து. விடிய முதலே போய்க் கஞ்சி காய்ச்சி, கோப்பி வைச்சு, பாண் வெட்ட வேணும். பிந்தி வாற ஆள் அவைக்குச் சரிவராது எண்டு முதல் நாளே சொல்லிப்போட்டினம். அந்த நேரத்துக்கு எங்கடை பக்கத்தாலை பஸ்சும் இல்லை. சைக்கிள்தான் கதி.

அந்த வேலை எனக்கு வேணும். சும்மா வேணுமெண்டில்லை, உயிரைப் போலை வேணும். வந்த நாள் துவக்கம் வீட்டுக்குள்ளை இருந்து திரைச்சீலையைப் பாத்துப் பாத்து விசர் பிடிக்கிற நிலைமை. இவர் மொழிப் பள்ளிக்கூடம் போவார், வருவார், ரேடியோவைக் காதோடை வைச்சு ஊர்ச் சண்டைச் செய்தி தேடுவார். ஊரிலையிருந்து கடிதம் வராட்டிலும் பயம், வந்தாலும் பயம். அந்தக் குசினியிலை நிண்டு கிழங்கு உரிக்கிற நேரத்திலைதான் நான் நிம்மதியா மூச்சு விட்டன்.

மாரி வந்துது, றோட்டெல்லாம் ஐஸ் பிடிச்சுது. வந்து ஒரு கிழமையிலை நான் விழத் துவங்கினன்.

முதல்தரம் விழுந்ததை இவருக்குச் சொல்லேல்லை. ரெண்டாந்தரம் முழங்கால் காட்டிக்குடுத்திட்டுது. மூண்டாந்தரம் முழங்கை பணிஸ் மாதிரி வீங்கிப்போய் வந்து நிண்டன். இவர் எண்ணெய் போட்டுவிட்டார். போட்டு முடியத்தான் வாயைத் திறந்தார்.

"இஞ்சேரும், காணும். கண்டறியாத பிறக்ரிக். இடுப்பு முறிஞ்சால் இஞ்சை ஆர் இருக்கினம் பாக்க? உம்மடை அம்மாவுக்கு நான் என்னெண்டு எழுதிறது?"

எனக்கும் வாய் சும்மா இருக்காதே. "இன்னொருக்கா விழுந்தால் வேலையை விடுறன்," எண்டு சொல்லிப்போட்டன்.

"உண்மையாத்தானே?"

"ஓம், உண்மையாத்தான்."

சொன்ன கையோடை நாக்கைக் கடிச்சன். ஆர் என்னைக் கேட்டது? ஐஸ் றோட்டிலை மாரி முடியுமட்டும் விழாமல் ஓடுறதெண்டால் அது என்ன சின்ன விசயமே. ஆனால் சொன்ன சொல்லை மாத்திற ஆளில்லை நான், அது இவருக்கும் தெரியும். அதுதான் அப்பிடிக் கேட்டு உறுதிப்படுத்தினவர், கெட்டிக்காரன்.

அடுத்த நாள் என்ரை வீங்கின முழங்கையைக் கண்டிட்டு, என்னோடை வேலை செய்யிற டெனிஸ்காரப் பொம்பிளை எங்கை விழுந்தனி எண்டு கேட்டா. எனக்குத் தெரிஞ்ச அரைகுறை டெனிசிலையும் கையாலையும் சொன்னன். இறக்கத்திலை, வளைவுக்குக் கிட்ட. மூண்டுதரமும் அப்பிடியான இடந்தானோ எண்டு கேட்டா. யோசிச்சுப் பாத்தால், ஓம். நான் உழக்கேக்கை ஒருநாளும் விழேல்லை. உழக்கிறதை விட்ட இடத்திலைதான் விழுந்திருக்கிறன்.

தேத்தண்ணி நேரம் அவ என்னை வெளியிலை கூட்டிக்கொண்டு போய்ச் சைக்கிளிலை இருத்தினா. சாப்பாட்டுச் சாமான் இறக்கிற இடத்திலை சின்னச் சரிவொண்டு இருந்தது, அதாலை இறங்கச் சொன்னா. இறங்கினன். அங்கை ஐஸ் இல்லை, வெறும் ஈரம். சைக்கிள் ஒரு வெட்டு வெட்டி நிண்டுது.

"உன்ரை கால் ஏன் பின்னுக்குப் போகுது?" எண்டு கேட்டா.

எனக்கு அப்பத்தான் விளங்கிச்சுது. எங்கடை ஊர்ச் சைக்கிளிலை பின்னுக்கு உழக்கினால் ஒண்டும் நடவாது, செயின் மாத்திரம் கிரிக்கிரிக் எண்டு சத்தம் போடும். உழக்கிறதை நிப்பாட்டினால் எங்கடை கால் சும்மா இராது, தன்ரை பாட்டிலை பின்னுக்குச் சுத்திக்கொண்டிருக்கும். சந்தியிலை மெதுவாக்கேக்கையும் சுத்துவம், பக்கத்திலை வாற சிநேகிதியோடை கதைக்கேக்கையும் சுத்துவம். பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க அப்பிடித்தான் போனன். இந்த நாட்டுச் சைக்கிளிலை பின்னுக்கு உழக்கினால் அதுதான் பிறேக். பின்சில்லு இறுகிப்போய் நிக்கும். அது எனக்கு வாங்கின நாளே தெரியும். என்ரை காலுக்குத்தான் ஒருத்தரும் சொல்லேல்லை. காஞ்ச றோட்டிலை ஒரு குலுக்கோடை போறது, ஐஸிலை ஆளையே தூக்கி அடிச்சிருக்கு.

அவ அண்டைக்கே என்ரை சீற்றைப் பதிச்சு விட்டா, ரெண்டு காலும் நிலத்திலை முட்டிறமாதிரி. றோட்டை நல்லாப் பிடிக்கட்டும் எண்டு ரயரிலை கொஞ்சம் காத்தையும் திறந்து விட்டா. பிறேக் பிடிக்கிறதெண்டால் வளைவுக்கு வெகு முன்னமே, நேர் றோட்டிலை, மெல்லமாப் பிடிக்க வேணும். மினுங்கிற இடத்தை விட்டிட்டு மண் போட்ட இடத்தாலை போக வேணும். ஏலாத இடத்திலை இறங்கி உருட்ட வேணும், அதிலை வெக்கமில்லை எண்டா.

மற்றதெல்லாம் லேசு. என்ரை காலைப் பழக்கிறதுதான் பெரும்பாடு. பின்னேரத்திலை எங்கடை மாடிக்குப் பின்னாலை கார் விடுற இடத்திலை சுத்திச் சுத்தி ஓடினன். உழக்கு, நிப்பாட்டு, பெடல் ரெண்டையும் ஒரே மட்டத்திலை பிடிச்சு வைச்சிரு. கோதாரி விழுந்த கால் பின்னுக்குப் போகும், அதுக்கு நல்ல பேச்சு விழும். மேல்மாடிச் சனம் யன்னலாலை பாத்துது. பாக்கட்டும் எண்டு விட்டன். இவருக்கும் விளங்கப்படுத்தினன். "காற்சட்டைக் காலத்திலையிருந்து சைக்கிள் ஓடுறன், எனக்குப் பேய்க்கதை கதையாதையும்," எண்டார்.

நாள் போகப் போகக் கால் சொல்லுக் கேட்டுது. விழாமல் போய் விழாமல் வந்தன். அப்பிடியிருக்க ஒருநாள் இரவிரவா மழை. விழுந்த மழை நிலத்திலை பட்டவுடனை உறைஞ்சு, விடிய முதல் எழும்பிப் பாத்தால் றோட்டு முழுக்கக் கண்ணாடி. இவர் யன்னலடியிலை நிண்டு பாத்திட்டுப் போகாதையும் எண்டு சொல்லேல்லை. தன்ரை கோட்டை எடுத்துப் போட்டார்.

"நானும் வாறன்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. நான் விழுறதைக் கண்ணாலை காண வாறார் எண்டு நினைச்சன். வாங்கோ, வந்து பாருங்கோ எண்டு மனசுக்குள்ளை சொல்லிக்கொண்டு வெளிக்கிட்டன்.

இறக்கம் துவங்குமட்டும் ரெண்டு பேரும் உருட்டிக்கொண்டுதான் போனம். இறக்கத்திலை நகரசபைக்காரர் சைக்கிள் பாதையிலை அங்கங்கை மண் போட்டிருந்தினம். நான் முன்னுக்கு, இவர் பின்னுக்கு. பெடல் மட்டமா நிக்குது. கால் அசையேல்லை. வளைவுக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கேக்கையே மெல்லமா அமத்தினன்.

பின்னாலை படாரெண்டு ஒரு சத்தம்.

உடனை பிறேக்கை அமத்தினால் நானும் விழுவன். பல்லைக் கடிச்சுக்கொண்டு ஓரத்திலை குவிஞ்சு கிடந்த சினோப் பனிக்குள்ளை சைக்கிளை விட்டு, ரெண்டு காலையும் ஊண்டி நிண்டுதான் திரும்பிப் பாத்தன். இவர் நடுப்பாதையிலை காலை நீட்டிக்கொண்டு இருக்கிறார், தொப்பி ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். நான் சைக்கிளைச் சாத்திப்போட்டு அவரிட்டை நடக்கத் துவங்க, கையைக் காட்டி மறிச்சார்.

"வராதையும், இஞ்சை பொல்லாத வழுக்கல். எனக்கு ஒண்டுமில்லை." ஓரத்து வேலிக்குத் தவண்டு போய், அதைப் பிடிச்சு எழும்பி நிண்டு காட்டினார். "நீர் போம். பிந்தப் போகுது."

போம் எண்டு இவரே சொன்னதை என்னாலை நம்பேலாமல் இருந்தது. கண்ணைத் துடைச்சுக்கொண்டு ஏறினன்.

அண்டைக்குக் குசினி இருட்டாக் கிடந்தது. டெனிஸ்காரர் ஒருத்தரும் வந்து சேரேல்லை. லைற்றைப் போட்டு, கஞ்சியை அடுப்பிலை வைச்சு, முழு இல்லத்துக்கும் தனிய நிண்டு கோப்பி வைச்சன். பாண் வெட்டிக்கொண்டு நிக்கச் சுவரிலை ரெலிபோன் அடிச்சுது. ரெலிபோனிலை டெனிஸ் கதைக்க எனக்குச் சரியான பயம். எடுத்தால், இவர்.

"போய்ச் சேந்திட்டீரோ?"

"ஓம்."

"விழேல்லையே?"

"இல்லை. உங்களுக்கு நோகுதோ?"

"பின்னேரம் வந்து, பெடலிலை காலை எப்பிடி வைச்சிருக்கிறதெண்டு எனக்கும் ஒருக்காக் காட்டும்," எண்டார்.