ஏணிக்காரியின் வேகம்

ஏணிக்காரியிடம் யாராவது மெதுவாகப் பேசினால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கோபமாகப் பேசினால் பொறுத்துக்கொள்வாள். கிண்டல் செய்தால் திருப்பிக் கொடுப்பாள். ஆனால் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு பஸ்ஸே போகிற அளவுக்கு இடைவெளி விட்டு, முகத்தையும் பாவமாக வைத்துக்கொண்டு, புரிகிறதா என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். அன்றைக்கு முழுக்க அவள் கையில் ஸ்குரூடிரைவர் நேராக நிற்காது.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் அந்தப் பேச்சுதான். எழுத்துகள் அவள் கண்ணுக்கு நின்ற இடத்தில் நிற்காது. ஒரு வரியை அவள் கரையேற்றுவதற்குள் மற்ற பிள்ளைகள் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார்கள். மந்தம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மந்தமான பிள்ளைக்கு மந்தமாகத்தானே சொல்லித்தர வேண்டும்? அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள், நல்லவர்கள் உட்பட. அது எப்பேர்ப்பட்ட தப்பு என்று காட்ட அவளுக்கு முப்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

படிப்பைப் பாதியில் விட்டதும் அவளுடைய தாய்மாமா அவளை வயரிங் வேலைக்குக் கூட்டிப்போனார். முதல் நாளே அவர் கையிலிருந்த ஏணியைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அதோடு பெயரும் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. தெருவில் எல்லோருக்கும் அவள் ஏணிக்காரிதான். ரொட்டி வேன் ஓட்டும் அவள் வீட்டுக்காரரே சில நேரம் அப்படித்தான் கூப்பிடுவார். கல்யாணமான புதிதில் முறைத்தாள், அப்புறம் விட்டுவிட்டாள்.

வேலையில் அவளைக் குறை சொல்ல யாராலும் முடியாது. சுவரைத் தட்டிப் பார்த்தே வயர் போகும் வழியைச் சொல்லுவாள். ஆனால் ஒரு கட்டடத்துக்கு மின் இணைப்புக் கொடுக்க வேண்டுமென்றால் லைசென்ஸ் உள்ளவர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். லைசென்ஸ் மாமாவிடம்தான் இருந்தது. மாமாவுக்கோ முழங்கால் இரண்டும் போய்விட்டன. வேலை முழுவதையும் இவள் செய்வாள். கடைசி நாளில் மட்டும் அவரை ஆட்டோவில் ஏற்றி, கைத்தாங்கலாக இறக்கி, படியில் இழுத்துக்கொண்டுபோய்க் கையெழுத்து வாங்க வேண்டும். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

ஒரு நாள் மாமா முடிவாகச் சொல்லிவிட்டார். இந்த வருடத்தோடு சரி, இனி லைசென்ஸைப் புதுப்பிக்கப் போவதில்லை. ஏணிக்காரி சொந்தமாக லைசென்ஸ் எடுத்தால் கடை அவளுடையது. இல்லாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். அவள் வேறு யாரிடமாவது போய் ஏணி பிடிக்கலாம். சொன்னது கடுமையாக இருந்தாலும் சொல்லும்போது அவர் தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

அவள் முயற்சி செய்யாமலா இருந்தாள்? தொழிற்பயிற்சி நிலையத்தின் மாலை வகுப்பில் சேர்ந்து பலமுறை லைசென்ஸ் தேர்வு எழுதியிருந்தாள். செய்முறையில் ஒவ்வொரு தடவையும் முதல் ஆளாக முடித்துவிட்டு வெளியே வருவாள். எழுத்துத் தேர்வுதான் அவளுக்குத் தண்ணி காட்டியது. கேள்விக்குப் பதில் தெரியும், கேள்வி என்னவென்றுதான் தெரியாது. பாதித் தாளைத் தாண்டுவதற்குள் மணி அடித்துவிடும்.

அந்த வருடம் பயிற்சி நிலையத்தில் கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கென்று ஓர் அறை திறந்தார்கள். கழுத்தில் எந்நேரமும் ஹெட்போனைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்த ஓர் இளைஞர் அதற்குப் பொறுப்பு. ஹெட்போன் சார் என்று பெயர் வைக்க யாரும் ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவர் அவளை உட்காரவைத்து எதையெதையோ படிக்கச் சொன்னார், எழுதச் சொன்னார். கடைசியில், அவளிடம் இருப்பது மந்தம் இல்லை, டிஸ்லெக்சியா என்றார். அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எழுத்து கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற வழியில் மட்டும் சிக்கல் என்று விளக்கினார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்கு அழுகை வந்தது. பாதி நிம்மதி, பாதி ஆத்திரம். இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஓர் ஆள் சின்ன வயதிலேயே வந்திருக்கக் கூடாதா?

ஹெட்போன் சார் அவளுடைய போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தார். பாடப் பக்கத்தைப் படம் எடுத்தால் அது வாய்விட்டுப் படிக்கும். ஒரு பெண் குரல். சிரிப்பும் கிடையாது, சலிப்பும் கிடையாது. வாக்கியத்தின் நடுவில் பக்க எண் வந்தால் அதையும் படிக்கும், அடைப்புக்குறி வந்தால் "அடைப்புக்குறி" என்று அதையும் விடாமல் சொல்லும். எதையும் விட்டுக்கொடுக்காத அந்தக் குரலுக்கு நாத்தனார் என்று பெயர் வைத்தாள் ஏணிக்காரி.

சார் நல்லவர். நல்லவராக இருந்ததுதான் வினை. பாவம், கஷ்டப்படுகிறவர் என்று நினைத்து, நாத்தனாரின் வேகத்தை இருப்பதிலேயே குறைவாக வைத்துக் கொடுத்திருந்தார். "மின்... கசிவு... ஏற்படும்... போது..." என்று அது இழுக்க ஆரம்பித்தது. வாக்கியத்தின் வால் வந்து சேரும்போது தலை எங்கே போயிற்று என்று தெரியாது. அவளுக்குப் பழைய வகுப்பறைக்குள் பிடித்துத் தள்ளியது போலிருந்தது. கொஞ்ச நாள் முட்டிமோதிப் பார்த்தாள். மிஷினாலும் தன்னைத் தேற்ற முடியவில்லை என்று மனம் உடைந்து போனாள். சாரிடம் சொல்லக்கூட வெட்கம். வகுப்புக்குப் போவதையே நிறுத்திவிடலாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் அவள் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

அந்த வாரம் ஒரு புது வீட்டில் கூரையோரம் வயர் இழுக்கிற வேலை. கடைசி முயற்சியாக இருக்கட்டுமே என்று போனைச் சட்டைப் பையில் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினாள். மேலே போய் வயரை எட்டிப் பிடித்தபோது பையிலிருந்த போன் ஏணிப் படியில் அழுந்தியது. எதுவோ எங்கேயோ நகர்ந்துவிட்டது. நாத்தனார் திடீரென்று வாயில் வெடியைக் கொளுத்திப் போட்டவள் மாதிரி கடகடவென்று பொரிந்து தள்ள ஆரம்பித்தாள்.

இரண்டு கையிலும் வயர், வாயில் டேப். போனை எடுக்க வழியில்லை. கத்திவிட்டுப் போகட்டும் என்று வேலையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அது வெறும் இரைச்சலாக இருந்தது. அப்புறம் இரைச்சலுக்குள் ஒரு வார்த்தை தெரிந்தது. அப்புறம் ஒரு வாக்கியம், தலையும் வாலுமாக, முழுசாக. எர்த் கம்பி எவ்வளவு ஆழத்தில் போக வேண்டும், ஏன் போக வேண்டும், போகாவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் வரிசையாக வந்து மண்டைக்குள் உட்கார்ந்தது. அவள் வயர் இழுப்பதை நிறுத்தியிருந்தாள். கூரையைப் பார்த்தபடி ஏணி உச்சியில் அப்படியே நின்றாள்.

கீழே இறங்கியபோது பாடம் முடிந்திருந்தது. ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து பாடத்தைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பாடம் அவளுக்குள் முழுதாக இருந்தது. காலி வீட்டில் தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தாள். வெளிச்சுவரில் வேலை செய்துகொண்டிருந்த பெயின்டர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஷாக் அடித்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் ஹெட்போன் சாரின் காதில் அந்த வேகத்தை மாட்டிவிட்டாள். அவர் முகம் சுளித்துக் கழற்றினார். இது பேச்சா, மிக்சியா என்றார். அவள் புத்தகத்தை அவரிடம் கொடுத்துவிட்டு, பாடத்தை வாயால் ஒப்பித்தாள். சார் வரிவரியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். முடிந்ததும் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, இத்தனை நாளாகத் தான் அவளுடைய காலைக் கட்டிப்போட்டு நடக்கச் சொல்லிக்கொண்டிருந்ததாகச் சொல்லி வருத்தப்பட்டார். அவளுடைய கண்தான் தடுமாறுகிறது, காதுக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை என்று இருவருக்கும் அன்றைக்குத்தான் விளங்கியது. அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? சமைக்கும்போது நாத்தனார், வேனில் போகும்போது நாத்தனார். அவள் வீட்டுக்காரர், தன் வண்டிக்குள் தேனீக்கூட்டம் புகுந்துவிட்டதென்று புலம்பினார்.

தேர்வுக்கு அவளுக்குத் தனி அறை கொடுத்தார்கள். வாசித்துக் காட்டும் கருவிக்கு முறையான அனுமதியும் வாங்கியாகிவிட்டது. கம்ப்யூட்டரில் கேள்வி வரும், அதே நாத்தனார் குரல் அதைப் படிக்கும், நாலு விடையில் ஒன்றைத் தொட வேண்டும். ஹெட்போன் மட்டும் கூடாது, மேற்பார்வையாளருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில்தான் ஓட வேண்டும் என்று நிபந்தனை. மேற்பார்வைக்கு வந்தவர் கனிவான முகமுள்ள ஓர் அம்மா. ஏணிக்காரி உட்கார்ந்ததும் வேகத்தைக் கூட்டினாள். நாத்தனார் பொரிந்தாள். அந்த அம்மா திடுக்கிட்டு ஓடிவந்து, மிஷின் கெட்டுப்போய்விட்டது போல என்று சொல்லி, தானே கை நீட்டி வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கினார்.

"பதட்டப்படாதேம்மா. மெது... வா... கேளு."

ஏணிக்காரி வாயை மூடிக்கொண்டாள். பழகிப்போன வாய். சில கேள்விகளை அந்த வேகத்திலேயே கேட்டாள். ஒன்றும் ஒட்டவில்லை. திரையின் மூலையில் நேரம் கரைந்துகொண்டிருந்தது. பேசாமல் இருந்தால் இந்தத் தேர்வும் போகும், கடையும் போகும் என்று தெரிந்தது. அதைவிட, ஏணி உச்சியில் கிடைத்தது கையைவிட்டுப் போய்விடும் என்பதுதான் அவளை உலுக்கியது. கருவியை நிறுத்தினாள்.

"மேடம், மெதுவாச் சொன்னா எனக்குப் புரியாது. சின்ன வயசிலேருந்து எல்லாரும் மெதுவாத்தான் சொன்னாங்க. அதான் எனக்கு எதுவுமே புரியல. என் வேகத்துல கேட்க விடுங்க."

அந்த அம்மா தயங்கினார். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. அந்த இரைச்சலுக்குள் யாராவது விடையை ஓதிக்கொண்டிருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்? தேர்வுப் பொறுப்பு அதிகாரியைக் கூப்பிட்டார். அவர் பெரிய ஹாலிலிருந்து மூச்சுவாங்க வந்தார், முகம் கடுகடுவென்று இருந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு, நடுவிலிருந்து தானே ஒரு கேள்வியை எடுத்து, அவள் சொன்ன வேகத்தில் ஓடவிட்டார். கடகடவென்று வந்து முடிந்தது.

"என்ன சொல்லுச்சு? சொல்லுங்க பார்ப்போம்."

அவள் சொன்னாள். கேள்வியைச் சொன்னாள், நாலு விடைகளையும் வரிசை மாறாமல் சொன்னாள். "படம் ஏழைக் காண்க, அடைப்புக்குறி முடிந்தது" என்று நாத்தனார் சொன்னதைக்கூட விடவில்லை. அதிகாரி திரையில் விரலை வைத்துக்கொண்டே வந்தார். விரல் கடைசி வரியில் நின்றது. அவருக்கு ஆசை விடவில்லை போலிருக்கிறது. இன்னொரு கேள்வியை எடுத்து, வேகத்தை இன்னும் ஒரு படி ஏற்றி ஓடவிட்டார். அவள் அதையும் சொல்லிவிட்டு, இது கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் சமாளிக்கலாம் என்றாள்.

அதிகாரி மேற்பார்வை அம்மாவிடம் திரும்பினார்.

"விடுங்க. அவங்க வேகத்துலயே எழுதட்டும். நாம கெடுத்த நேரத்தைக் கூட்டிக் குடுத்துடுங்க."

அந்தக் கூட்டிக் கொடுத்த நேரம் அவளுக்குத் தேவைப்படவே இல்லை. நாத்தனார் கேட்டாள், ஏணிக்காரி தொட்டாள். மேற்பார்வை அம்மா நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு காதைத் தீட்டிப் பார்த்தார், ஒரு வார்த்தை பிடிபடவில்லை. கடைசிக் கேள்வி முடிந்ததும் திரையில் இன்னும் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. எழுத்துத் தேர்வில் நேரம் மிஞ்சும் என்பதே ஏணிக்காரிக்குத் தெரியாது. அதை என்ன செய்வதென்று புரியாமல் கொஞ்சம் விழித்தாள். பிறகு முதல் கேள்விக்குப் போய், எல்லாவற்றையும் இன்னொரு தடவை கேட்டாள். தேவைக்காக இல்லை, ஆசைக்காக.

அவள் பாஸ். பாஸ் என்று சொல்லி நிறுத்தினால் பாவம். அந்த வருடம் எழுத்துத் தேர்வில் அவளைவிட அதிகமாக வாங்கிய ஆள் அந்த நிலையத்தில் யாரும் இல்லை. ஹெட்போன் சார் அன்றிலிருந்து வேலை முறையையே மாற்றிக்கொண்டார். புதிதாக வருகிறவர்களிடம் வேகத்தைக் கூட்டுவது எங்கே, குறைப்பது எங்கே என்று மட்டும் காட்டிவிட்டு வெளியே போய்விடுகிறார். சிலர் கூட்டுகிறார்கள், சிலர் குறைக்கிறார்கள். அது அவரவர் பாடு என்கிறார்.

லைசென்ஸ் வந்த பிறகு அவள் முடித்த முதல் கட்டடம் ஒரு மூன்று மாடி வீடு. மாமா தானும் வருவேன் என்று அடம்பிடித்து ஆட்டோவில் வந்தார். கீழ்த்தளத்தில் ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மின் அலுவலகத்திலிருந்து வந்த ஆய்வாளர் மெயின் போர்டைத் திறந்து பார்த்தார், எர்த்தைச் சோதித்தார், திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு வாளியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துப் பேனாவை நீட்டினார்.

"லைசென்ஸ்காரர் கையெழுத்துப் போடணும், வாங்க."

"நான்தான் சார்" என்று ஏணிக்காரி பேனாவை வாங்கிக்கொண்டாள்.

ஆய்வாளர் அவள் நீட்டிய லைசென்ஸ் அட்டையிலிருந்த படத்தையும் அவள் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். அவள் போட்டாள். இந்தத் தடவை மாமா வாளியை விட்டு எழுந்திருக்கத் தேவையே வரவில்லை.