மூன்று மெத்தைகளும் ஒரு முதுகும்

1991இல் நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் இருந்தேன். திருகாணி வாங்குவதானாலும் மூன்று இடத்தில் கொட்டேஷன் கேட்டு, ஒப்பிட்டுப் பார்த்து, கடைசியில் மேனேஜர் முதலிலேயே முடிவு செய்துவைத்திருந்த ஆளிடம் வாங்குவது என் வேலை. இந்தப் பழக்கத்தை ஒரு மனிதரின் முதுகில் பிரயோகிக்கும் நாள் வரும் என்று நினைக்கவில்லை.

முதுகு என் பெரியப்பாவுடையது. பஸ் கண்டக்டராக வாழ்நாளெல்லாம் நின்றுகொண்டே இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்த பிறகு, சுங்குவார்சத்திரம் தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்திருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வேட்டியைச் சற்று இறக்கிக் காட்டினார். இடுப்புக்குக் கீழே ஒரு சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தார். அப்போதும் சிவப்பாகவே இருந்தது.

"அழுத்தினா வெளுக்கணும் சார். வெளுக்கல. தோல் விட்டுச்சுன்னா அப்புறம் லேசுல ஆறாது. பக்கத்துக் கட்டில்காரர பாக்குறீங்களா?"

பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குக் குழி.

"இந்தப் பஞ்சு மெத்தை கட்டி தட்டிப்போச்சு. வேற நல்லதா ஏற்பாடு பண்ணுங்க," என்றார் நர்ஸ்.

எது நல்லது? ஆபீஸில் விசாரித்தேன். ஒருவர் ஃபோம் என்றார், ஒருவர் தண்ணீர் மெத்தை என்றார். வாட்ச்மேன், வாழையிலையைப் போட்டுப் படுக்கவைத்தால் போதும் என்றார். எல்லோருக்கும் ஒரு மாமனாரோ சித்தப்பாவோ எதன் மேலோ படுத்துப் பிழைத்திருந்தார். பிழைக்காதவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

முதலில் ஃபோம். பெரியப்பா அதில், மாவில் விழுந்த கரண்டி போல அமிழ்ந்தார். முதுகு வேர்த்து ஈரமாகவே இருந்தது. சிவப்பு அப்படியே.

அடுத்து தண்ணீர் மெத்தை. பெரிய ரப்பர் பைதான். வாளி வாளியாக ஊற்றினோம். அந்த வாரம்தான் இல்லத்துக்கு வரும் டாக்டரும் பெரியப்பாவைப் பார்த்துவிட்டுப் போனார்.

"இன்னாடா இது, ஏரில படுக்க வெச்சிக்கிற. அசைஞ்சா அலை அடிக்குது," என்றார் பெரியப்பா.

சில நாளில் சிவப்பு வெளிறியது போலிருந்தது. கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தியதில் வெளிச்சம் மாறியிருக்கவும் கூடும். மூன்றாவது கொட்டேஷன் பாக்கியிருந்தது: நடுவே ஓட்டையுள்ள காற்று வளையம். மருந்துக் கடையில் கிடைக்காததால், நெடுஞ்சாலையோரம் பங்க்சர் கடையில் ஸ்கூட்டர் ட்யூப் கேட்டேன்.

"இன்னா வண்டி சார்?" என்றார் கடைக்காரர்.

"வண்டி இல்ல. எங்க பெரியப்பா. படுத்த படுக்கையா இருக்காரு, முதுகுக்கு அடியில வெக்க."

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "ஆளு வெயிட்டா? காத்து கம்மியாவே வெச்சித் தரேன். நீ பாட்டுக்கு ஃபுல்லா அடிச்சினு போயி, அவரு உருண்டு வுழுந்தா என்னாண்ட வரக்கூடாது."

அவர் உருளவில்லை. ஆனால் சிவப்பைச் சுற்றி வட்டமாக இன்னொரு சிவப்பு வந்தது. "நடுவுல தூக்கி, சுத்திலும் நசுக்குது சார் இது," என்று நர்ஸ் ட்யூபைக் கழற்றி என் கையில் கொடுத்தார். மறுபடி தண்ணீர் மெத்தை.

அடுத்தடுத்த வாரங்களில் வட்டம் மறைந்தது. உள்ளே இருந்த சிவப்பும் மறைந்தது. அழுத்தினால் தோல் வெளுத்து, பிறகு நிறம் திரும்பியது. தண்ணீர் மெத்தைக்கே என் ஆர்டர் என்று நான் மனதுக்குள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது நர்ஸ் இன்னொன்று சொன்னார்.

"ஆனா சார், அந்த மெத்தை வந்த வாரத்துலேருந்து இவர் கட்டில்ல ஒரு வாய் சாப்பிடறதில்ல. மூணு வேளையும் ரெண்டு பேர் தூக்கி நாற்காலில உக்கார வெக்கணும். ஏன்னு கேட்டா முறைக்கறார்."

பெரியப்பாவிடம் கேட்டேன்.

"டாக்டரு சொன்னாருல்ல. பெட் சோறு கூடாதுன்னு. அத்தினி கண்டிசனா சொன்னாரு."

"இட்லி?"

"அதுவும் அரிசிதானடா."

டாக்டர் சொன்னது பெட் சோர். படுக்கைப் புண் என்பதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பெரியப்பா அதைச் சோறாக்கி, தினம் மூன்று முறை முதுகைக் கட்டிலிலிருந்து எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நர்ஸ் என்னை வராந்தாவுக்கு இழுத்துப்போய், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு, "விளக்கிச் சொல்லிடவா? தூக்கித் தூக்கி எங்க இடுப்பு போவுது," என்றார்.

குணமாக்கியது தண்ணீரா, நாற்காலியா? தண்ணீர் என்றால் இரண்டு பெண்கள் வீணாக இடுப்பொடிகிறார்கள். நாற்காலி என்றால், அவருக்கு உண்மை தெரிந்த நாளே சிவப்பு திரும்பக் கிளம்பும். இரண்டும் சேர்ந்துதானோ? அல்லது ட்யூபை எடுத்ததாலேயோ? ஒன்றை நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். ஜன்னல் வழியே பக்கத்துக் கட்டில்காரர் குப்புறப் படுத்திருப்பது தெரிந்தது.

"சொல்ல வேணாம்," என்றேன்.

"அப்ப எதுதான் சார் சரி பண்ணிச்சு?"

"தெரியல."

"இவ்ளோ பண்ணிட்டுத் தெரியலன்றீங்க."

உள்ளிருந்து பெரியப்பா, "பசிக்குது, எவனாச்சும் தூக்குங்கடா," என்றார். நர்ஸ் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்தோம். நாற்காலியில் உட்கார்ந்து, நல்ல கையால் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, டாக்டருக்குக் கட்டுப்பட்ட மனிதரின் மிடுக்கோடு தட்டுக்குக் காத்திருந்தார்.