முந்திரியா, சவுக்கா

2012 பொங்கலுக்குச் சிதம்பரத்திலிருந்து குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஊருக்குப் போனபோது எங்கள் முந்திரித் தோப்பு மொத்தமும் தரையில் கிடந்தது. இரண்டு வாரம் முன் அடித்த புயல் ஒரு மரத்தையும் விடவில்லை. அப்பாவுக்குப் பிறகு அம்மா தனியாகக் காப்பாற்றிய தோப்பு அது. இனி என்ன வைப்பது என்று அம்மாவும் மாமாவும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சவுக்கு வையிக்கா. அஞ்சு வருஷத்துல வெட்டிறலாம். முந்திரிய வச்சிட்டு எத்தினி வருஷம் பாத்துக்கினு இருப்ப? அதுக்குள்ள இன்னொரு புயல் வந்துட்டா?"

"அதத்தான் இவள கேக்கணும். வானத்தப் பத்திதான படிக்கிறா."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சிதம்பரத்தில் புவியியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். அம்மா கேட்டதில் எனக்குத் தலை கொஞ்சம் நிமிரத்தான் செய்தது.

"கேளு கேளு. பஸ்ஸுக்குப் பாஸ் வச்சிருக்கிறவ, வானத்துக்கும் வச்சிருப்பா" என்றார் மாமா.

விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்து சொன்னேன். பூமியின் சாய்வு மெல்ல மாறுவதால் பல்லாயிரம் ஆண்டுகளில் பனிக்காலங்கள் வந்து போயின. பெரிய எரிமலை வெடித்தால் அதன் தூசு வெயிலை மறைத்து ஓரிரு வருடம் உலகம் குளிரும். எங்கோ பெருங்கடல் சூடானால் இங்கே மழை கூடும், குறையும். இப்போது வேகமாக ஏறும் சூடு நாம் எரிப்பதால் வருவது.

"எத எரிக்கிறோம்? உங்கம்மா அடுப்பையா?"

"நெலக்கரிய மாமா. நம்ம பக்கம் தோண்டறாங்களே, அது ஒரு காலத்துல காடு. மண்ணுக்குள்ள பொதஞ்சு கெடந்தத எடுத்து எரிச்சுக் காத்துல வுடறோம்."

அம்மா கிடந்த மரங்களைப் பார்த்தார். "அதெல்லாம் சரி. அடுத்த புயல் எப்ப வரும்?"

"தெரியாதும்மா. சூடு ஏறினா புயலோட வேகம் ஜாஸ்தி ஆவும். ஆனா எந்த வருஷம், எந்த ஊருன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"இதுக்குத்தான் சிதம்பரம் போனியா?" மாமா சிரித்தார்.

முகம் சூடானது. ஒரு வருடத்தைச் சொல்லிவைத்திருந்தால் இருவரும் நம்பியிருப்பார்கள். சொல்லவில்லை.

"காத்து எந்தப் பக்கமிருந்து வரும்? அதாவது தெரியுமா?" என்றார் அம்மா.

"புயல் கடக்கும்போது காத்து திசை மாறும்மா. இந்த வாட்டி இப்படிச் சாச்சிருக்கு. அடுத்த வாட்டி எப்படியோ."

அம்மா எழுந்து முந்தானையை உதறினார்.

"அப்ப காத்துக்குத் தடுப்பா சுத்திலும் சவுக்கு. நடுவுல முந்திரி."

"எல்லாப் பக்கமுமா?"

"அவதான் சொல்றாளே, எந்தப் பக்கம்னு தெரியாதுன்னு."

மாமா முணுமுணுத்துக்கொண்டே அளவு பிடிக்கக் கயிறு எடுத்து வந்தார். வேலியோரமாகச் சவுக்கின் முதல் வரிசைக்கு நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.